பல் டாக்டர் பயமும் சுய ஹிப்னாடிசமும்: ஒரு வரலாறு

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்று ஒரு பழமொழி உண்டு. அந்தப் பட்டியலில் பல்வலியையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் வலி காது வரைக்கும் ஏறும். கிராம்பு, உப்புத் தண்ணீர், மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தோற்றுப் போகும். 'காலையில் முதல் வேலையாகப் பல் டாக்டரிடம் போய்விட வேண்டும்' என்று சபதம் எடுத்தவர், விடிந்து வலி கொஞ்சம் குறைந்ததும் 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்பார். காரணம் காசு மட்டும் அல்ல. நேரமும் அல்ல. பயம்!

இந்தப் பயத்தை வெல்ல மனிதன் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று சுய ஹிப்னாடிசம். தன் மனதைத் தானே அமைதியான, ஒருமுகப்பட்ட ஒரு நிலைக்குக் கொண்டுபோய், அந்த நிலையில் தனக்குத் தேவையான எண்ணத்தைத் தானே விதைத்துக்கொள்வதுதான் அது. கேட்பதற்கு ஏதோ நேற்று வந்த விஷயம் போலத் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் இருநூறு வருடங்களுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் ராஜா ராணி உண்டு, பாதிரியார் உண்டு, கைதி உண்டு, பாட்டு வாத்தியார்கூட உண்டு. ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

மகாராணிக்கும் பயம்

1578ஆம் ஆண்டு. இங்கிலாந்தை ஆண்டுகொண்டிருந்தவர் முதலாம் எலிசபெத் மகாராணி. ஐரோப்பாவின் பெரிய அரசர்களுக்கே அஞ்சாதவர். ஆனால் பல்வலி வந்து இரவெல்லாம் தூக்கம் இல்லாமல் தவித்தபோது, பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கவே இல்லை. மருத்துவர்களும் மந்திரிகளும் கெஞ்சிப் பார்த்தார்கள். பலன் இல்லை. கடைசியில் லண்டன் பிஷப் ஜான் எய்ல்மர் முன்வந்தார். வயதான மனிதர், வாயில் மிச்சம் இருந்த பற்களே கொஞ்சம். 'என் பல் ஒன்றைப் பிடுங்குங்கள், மகாராணி பார்க்கட்டும்' என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பல் பிடுங்கப்பட்டதைப் பார்த்த பிறகுதான் ராணி சம்மதித்தார் என்று பிஷப்பின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிஷப் ராணியின் வலியைக் குறைக்கவில்லை. அவர் பல்லைப் பிடுங்கியதால் ராணியின் பல் இளகிவிடவும் இல்லை. அவர் குறைத்தது பயத்தை மட்டும்தான். வலி வேறு, பயம் வேறு. இந்த வித்தியாசம் மருத்துவ உலகத்துக்கு முழுமையாகப் புரிவதற்கு இன்னும் நாலு நூற்றாண்டுகள் பிடித்தன.

அந்தக் காலத்துப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது. மரத்துப்போக ஊசி கிடையாது. பல் பிடுங்குவது பெரும்பாலும் சந்தையில், திருவிழாவில், தெருவில் நடந்த தொழில். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தின் பான் நெஃப் பாலத்தில் 'பெரிய தாமஸ்' என்று பெயர் பெற்ற ஒருவர் கூட்டம் கூட்டிப் பல் பிடுங்கினார். இந்த மாதிரி ஆட்கள் மேளமும் ஊதுகொம்பும் வைத்துக்கொள்வது வழக்கம். விளம்பரத்துக்கும் ஆச்சு, நோயாளி போடும் கூச்சல் அடுத்து நிற்பவர் காதில் விழாமல் இருப்பதற்கும் ஆச்சு! 'வலிக்கவே வலிக்காது' என்று அவர்கள் சொன்ன பொய்யால், 'பல் பிடுங்குபவன் மாதிரிப் பொய் சொல்கிறான்' என்ற பழமொழியே பிரெஞ்சு மொழியில் பிறந்துவிட்டது.

காந்தத்தில் தொடங்கிய கதை

அதே பாரிஸுக்கு 1778இல் வியன்னாவிலிருந்து ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். பெயர் பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர். உலகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அது உடம்பில் தடைப்பட்டால் நோய், சரியாக ஓடவிட்டால் குணம் என்றார் அவர். 'மெஸ்மரிசம்' என்ற சொல் இவர் பெயரிலிருந்து வந்ததுதான். நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிலருக்கு உடம்பு தூக்கிப் போட்டது, சிலர் மயங்கினார்கள், பலர் 'குணமாகிவிட்டது' என்றார்கள்.

1784இல் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். அதில் இருந்தவர்கள் சாதாரணப் பேர்வழிகள் அல்ல. மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், நவீன வேதியியலுக்கு வழி போட்ட லவாய்சியர் ஆகியோர் அதில் உண்டு. நோயாளிகளின் கண்ணைக் கட்டிவிட்டுச் சோதித்தார்கள். காந்தம் ஏற்றப்படாதபோதும் 'ஏற்றியாகிவிட்டது' என்று நம்பியவர்களுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. உண்மையிலேயே ஏற்றியபோது, அது தெரியாதவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. முடிவு: காந்தத் திரவம் என்று ஒன்று இல்லை, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை.

மெஸ்மரின் கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் குழு ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டது. வெறும் கற்பனைக்கு உடம்பை இவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் சக்தி இருக்கிறது என்றால், அந்தச் சக்தியை நல்லதுக்குப் பயன்படுத்த முடியாதா?

கோவாக்காரர் சொன்ன உண்மை

இந்தக் கேள்விக்கு முதலில் நெருங்கி வந்தவர் நம் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1756இல் கோவாவில் காண்டோலிம் என்ற ஊரில் பிறந்த அபே ஃபாரியா என்கிற பாதிரியார்தான் அவர். இவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. லிஸ்பனில் அரசியின் முன்னால் பிரசங்கம் செய்ய மேடை ஏறியவருக்கு, கூட்டத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். கீழே இருந்த அப்பா கொங்கணியில் மெதுவாக, 'இவர்களெல்லாம் வெறும் காய்கறி, நறுக்கித் தள்ளு' என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் பயம் பறந்து, மடமடவென்று பேசி முடித்தாராம். ஒரு வார்த்தைக்கு மனதின் மேல் இவ்வளவு அதிகாரமா என்ற யோசனை அங்கேதான் தொடங்கியது என்பார்கள்.

கதை எப்படியோ, பின்னால் நடந்தது வரலாறு. 1813இல் பாரிஸில் ஃபாரியா பொதுமக்கள் முன்னால் வகுப்பு நடத்தத் தொடங்கினார். காந்தமும் கிடையாது, திரவமும் கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னார். தூங்க வைப்பவனிடம் எந்தச் சக்தியும் இல்லை, எல்லாம் தூங்குபவனின் மனதில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. கேலி செய்தார்கள். 1819இல் ஏழ்மையில் இறந்துபோனார். அலெக்சாண்டர் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' நாவலில் சிறையில் வரும் கிழப் பாதிரியாருக்கு இவர் பெயர்தான். கோவாத் தலைநகர் பனாஜியில் இவருக்குச் சிலை இருக்கிறது.

சாவி டாக்டரின் கையில் இல்லை, நோயாளியின் கையில் இருக்கிறது என்று ஃபாரியா சொன்ன இந்த உண்மைதான் சுய ஹிப்னாடிசத்துக்கு அஸ்திவாரம்.

தன்மேல் தானே செய்து பார்த்தவர்

1829இல் ஜூல் குளோக்கே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், மெஸ்மரிசத் தூக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு மார்பகக் கட்டியை அகற்றினார். 1837இல் ஊதே என்ற பல் மருத்துவர் இதே முறையில் ஒரு பெண்ணுக்குப் பல் பிடுங்கிய செய்தி பாரிஸ் மருத்துவ அகாதமிக்கு வந்தது. அங்கே ஒரே சச்சரவு. 'வலியைக் காட்டிக்கொள்ளாமல் நடிக்கிறாள்' என்று ஒரு கட்சி, 'இல்லை' என்று இன்னொரு கட்சி. ஆக, ஹிப்னாடிசம் பல் நாற்காலிக்கு வந்தது நேற்று அல்ல.

1841இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில், ஊர் ஊராகப் போய் மெஸ்மரிசம் காட்டும் ஒருவரின் நிகழ்ச்சியைப் பார்க்க ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் போனார். 'ஏமாற்று வேலை, பிடித்துக் கொடுக்கலாம்' என்றுதான் போனார். ஆனால் மேடையில் இருந்தவரால் கண்ணைத் திறக்க முடியாதது நிஜம் என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து சோதனை செய்தார். நண்பர் ஒருவரை ஒரு ஒயின் பாட்டிலின் கழுத்தையே உற்றுப் பார்க்கச் சொன்னார். மூன்று நிமிடத்தில் கண் மூடிவிட்டது. மனைவியைச் சர்க்கரைக் கிண்ணத்தின் பூ வேலையைப் பார்க்கச் சொன்னார். அதே கதைதான். பாட்டிலுக்கும் கிண்ணத்துக்கும் மந்திர சக்தி இருக்க முடியுமா? முடியாது. அப்படியானால் காரணம் பார்ப்பவரின் கவனத்தில் இருக்கிறது. 1843இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கிரேக்க மொழியில் தூக்கத்துக்கு ஹிப்னாஸ் என்று பெயர். அதை வைத்து 'ஹிப்னாடிசம்' என்ற சொல்லைப் பரப்பியவர் இவர்தான்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். 1844 செப்டம்பரில் அவருக்குக் கடுமையான வாத வலி. கழுத்தையும் கையையும் அசைக்க முடியவில்லை, தூக்கம் இல்லை. நண்பர்கள் இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன்னைத்தானே ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோனார். ஒன்பது நிமிடம் கழித்து அவர்கள் எழுப்பியபோது வலி போய்விட்டிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். மருத்துவர் ஒருவர் தன் வலிக்குத் தானே ஹிப்னாடிசம் செய்துகொண்ட பழைய பதிவுகளில் இது ஒன்று.

ஹூக்ளிச் சிறையில்

அடுத்த வருடமே கதை வங்காளத்துக்கு வருகிறது. 1845 ஏப்ரல் 4. கல்கத்தாவுக்கு அருகில் உள்ள ஹூக்ளியில் வேலை பார்த்த ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டரிடம் மாதவ் கௌரா என்ற கைதி சிகிச்சைக்கு வந்தார். விரைவீக்கத்துக்குச் செய்த சிகிச்சையில் அவர் வலி தாங்காமல் துடித்தார். மெஸ்மரிசத்தைப் பற்றிப் படித்து மட்டுமே இருந்த எஸ்டெய்ல், அதை அன்றுதான் முதல்முறையாகச் செய்து பார்த்தார். துடித்த மனிதர் அடங்கினார். அடுத்த எட்டு மாதத்தில் 70க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை இப்படிச் செய்ததாக எஸ்டெய்ல் பட்டியல் போட்டார். 1846இல் அரசாங்கம் ஒரு குழு போட்டு விசாரித்து, கல்கத்தாவில் இதற்கென்று ஓர் ஆஸ்பத்திரிக்கே ஏற்பாடு செய்தது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒரு நோயாளியை அந்த நிலைக்குக் கொண்டுபோக மணிக்கணக்கில் உடம்புக்கு மேலே கையை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை எஸ்டெய்ல் இந்திய உதவியாளர்களிடம் கொடுத்தார். நோயாளியிடம் என்ன செய்யப் போகிறார்கள் என்று விளக்கிச் சொல்லும் வழக்கமும் அன்று இல்லை. கைதிக்கு மறுக்கிற வசதி எங்கே இருந்தது? பிரெய்டு தன் மனதைத் தானே கையாண்டார். ஹூக்ளியில் ஏழை நோயாளியின் மனதை இன்னொருவர் கையாண்டார். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் விஷயம் ஒன்று அல்ல.

பாஸ்டன் நகரத்துப் பாட்டு வாத்தியார்

இந்தக் கதையின் திருப்புமுனை ஒரு பல் டாக்டரின் அறையில்தான் நடந்தது. 1846 செப்டம்பர் 30, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். மாலை நேரத்தில் எபன் ஃபிராஸ்ட் என்ற பாட்டு வாத்தியார், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவரிடம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பல்லைப் பிடுங்க வேண்டும், ஆனால் பயம். 'எனக்கு மெஸ்மரிசம் செய்து பிடுங்க முடியுமா?' என்று கேட்டார். தன்னிடம் அதைவிட நல்லது ஒன்று இருப்பதாகச் சொன்ன மார்ட்டன், கைக்குட்டையில் ஈதரை நனைத்து முகரச் சொன்னார். ஃபிராஸ்ட் மயங்கினார், பல் வந்தது. விழித்தவருக்கு வலித்ததே தெரியவில்லை.

பதினாறு நாள் கழித்து, அக்டோபர் 16 அன்று, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மார்ட்டன் ஈதர் கொடுக்க, ஒரு நோயாளியின் கழுத்துக் கட்டி வலியில்லாமல் அகற்றப்பட்டது. நவீன மயக்க மருந்தின் பிறந்தநாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். இதற்கு இரண்டு வருடம் முன்பே, 1844 டிசம்பரில், ஹோரஸ் வெல்ஸ் என்ற இன்னொரு பல் மருத்துவர் 'சிரிப்பு வாயு' முகர்ந்து தன் பல்லையே பிடுங்கவைத்துப் பார்த்திருந்தார். மயக்க மருந்தை உலகுக்குக் கொடுத்ததில் பல் மருத்துவர்களின் பங்கு அவ்வளவு பெரியது.

அதன் பிறகு மெஸ்மரிசத்தை யார் கேட்பார்கள்? மணிக்கணக்கில் கை வீசுவதும், பலித்தாலும் பலிக்கும் பலிக்காமலும் போகும் என்பதும் எங்கே, சில நிமிடத்தில் யாரையும் மயக்கும் ஈதர் எங்கே! எஸ்டெய்ல் 1851இல் இந்தியாவை விட்டுப் போனார். மெஸ்மரிச ஆஸ்பத்திரியின் காலமும் முடிந்தது.

ஆனால் ஃபிராஸ்ட் கேட்டதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். 'பயமாக இருக்கிறது' என்றுதான் அவர் வந்தார். மருத்துவம் அவர் வலிக்குப் பதில் கொடுத்தது. பயத்துக்கு?

வலி போனது, பயம் போகவில்லை

1884இல் கார்ல் கோலர் கொக்கேயினால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டினார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் கீழ்த்தாடை நரம்பில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார். கொக்கேயின் ஆபத்தான பொருள் என்பதால் 1905இல் நோவோகெய்ன் வந்தது. 1943இல் சுவீடனில் லிடோகெய்ன் உருவானது. இன்று பல் மருத்துவர் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது இந்தக் குடும்பத்து மருந்துதான்.

ஆக, வலி என்ற கணக்கு கிட்டத்தட்ட நேர் செய்யப்பட்டுவிட்டது. நியாயப்படி பயமும் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. வலியைப் போக்க வந்த ஊசியே புதுப் பயம் ஆனது. 1957இல் ஜான் போர்டன் கொண்டுவந்த காற்றுச் சுழலி டிரில், நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுற்றி வேலையை விரைவாக்கியது. ஆனால் அதன் கீச்சென்ற சத்தம் கேட்டாலே வெளியில் காத்திருப்பவருக்கு வியர்க்கத் தொடங்கியது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது இதுதான்.

1969இல் நார்மன் கோரா என்ற அமெரிக்க உளவியலாளர் நாலே கேள்விகளில் இந்தப் பயத்தை அளக்க ஒரு முறை செய்தார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும் அறையில் எப்படி, டிரில்லை எடுக்கும்போது எப்படி, பல் சுத்தம் செய்யக் கருவிகளை எடுக்கும்போது எப்படி என்பவைதான் கேள்விகள். மொத்தம் 4 முதல் 20 வரை மதிப்பெண். 15 அல்லது அதற்கு மேல் போனால் கடுமையான பயம். கவனித்தீர்களா? நாலில் ஒன்றுகூட 'வலித்ததா' என்று கேட்கவில்லை. எல்லாம் வலி வருவதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றியவை. பயம் குடியிருப்பது அங்கேதான்.

1984இல் சுவீடனின் கோதன்பர்க் நகரத்தைச் சேர்ந்த உல்ஃப் பெர்க்ரென், இந்தப் பயம் எப்படி வட்டமாகச் சுற்றுகிறது என்று விளக்கினார். பயத்தால் ஒருவர் போகாமல் இருக்கிறார். போகாததால் பல் இன்னும் கெடுகிறது. கெட்ட வாயைக் காட்ட வெட்கம் வருகிறது. வெட்கத்தால் பயம் கூடுகிறது. கடனுக்கு வட்டி ஏறுவது போலத்தான். முதலில் சின்ன அடைப்போடு முடிந்திருக்க வேண்டியது, வேர் சிகிச்சையில் நிற்கும். அதையும் தள்ளிப்போட்டால் பல்லே போகும். சீழ் பிடித்துக் கழுத்து வரை பரவினால் உயிருக்கே ஆபத்து. 'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். சொல்லோடு போனால் அதிர்ஷ்டம்தான்.

தனக்குத்தானே சொல்லிக்கொள்வது

இந்த இடத்தில்தான், ஈதரிடம் தோற்று ஓரம் கட்டப்பட்ட ஹிப்னாடிசத்துக்குப் புது வேலை கிடைத்தது. வலியோடு மல்லுக்கு நிற்பது அதன் வேலை அல்ல, பயத்தைக் கவனிப்பதுதான் அதன் வேலை என்பது மெல்லத் தெரிந்தது.

முதலில் எமில் கூவேயைச் சொல்ல வேண்டும். 1857இல் பிரான்ஸின் த்ருவா நகரத்தில் பிறந்த மருந்துக் கடைக்காரர். மருந்தைக் கொடுக்கும்போது நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொன்னால் அது இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கவனித்தார். பிற்பாடு நான்சி நகரத்தில் இலவசமாக மக்களுக்குத் தன்னூக்க முறையைக் கற்றுக்கொடுத்தார். காலையிலும் இரவிலும் கண்ணை மூடிக்கொண்டு, 'நாளுக்கு நாள் எல்லா வகையிலும் நன்றாகி வருகிறேன்' என்ற பொருளில் இருபது தடவை சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு!

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் கூவே கண்ட ஓர் உண்மை ஆழமானது. மன உறுதிக்கும் கற்பனைக்கும் சண்டை வந்தால் ஜெயிப்பது எப்போதும் கற்பனைதான் என்றார் அவர். தரையில் கிடக்கும் பலகையில் யாரும் நடந்துவிடலாம். அதே பலகையைக் கோபுர உயரத்தில் வைத்தால் கால் நடுங்கும். பலகை மாறவில்லை, மனதில் உள்ள படம்தான் மாறியது. பல் நாற்காலியில் உட்கார்ந்து 'பயப்படக் கூடாது, பயப்படக் கூடாது' என்று பல்லைக் கடிப்பவருக்குப் பயம் அதிகமாவது இதனால்தான். அவர் உறுதியோடு இருக்கிறார், ஆனால் மனதில் ஓடும் படம் ஊசியும் டிரில்லும்தான். படத்தை மாற்ற வேண்டும்.

தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் முறையை அமெரிக்காவின் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் புத்தகமாக வெளியிட்டார். கை கனமாகிறது, வெதுவெதுப்பாகிறது என்று தனக்குத்தானே சொல்லி உடம்பை அமைதிப்படுத்தும் பயிற்சியை ஜெர்மனியின் ஷூல்ட்ஸ் 1932இல் வெளியிட்டார். 1952இல் ஆரன் மாஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 'ஹிப்னோடான்டிக்ஸ்' என்று பெயர் வைத்துப் பல் மருத்துவ ஹிப்னாடிசத்துக்கே ஒரு நூல் எழுதினார். 1955இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும், 1958இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஹிப்னாடிசத்துக்கு மருத்துவத்தில் இடம் உண்டு என்று அறிக்கை கொடுத்தன.

இந்த வரிசையில் ஆச்சரியமான பெயர் கனடாவின் விக்டர் ராஷ். இவரும் ஒரு பல் மருத்துவர். தன் நோயாளிகளுக்கு ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்தி வந்தவர், தனக்குப் பித்தப்பையை அகற்ற வேண்டி வந்தபோது மயக்க மருந்தே இல்லாமல், சுய ஹிப்னாடிசத்தை மட்டும் நம்பி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த அனுபவத்தை 1980இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பல வருடப் பயிற்சி உள்ள ஒருவரின் கதை இது. மற்றவர்கள் முயற்சி செய்யக் கூடாது. ஆனால் மனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி.

அறிவியல் என்ன சொல்கிறது?

1997இல் மான்ட்ரியல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஹிப்னாடிச நிலையில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, 'இது அவ்வளவு மோசமாக இல்லை' என்பது போன்ற யோசனையைக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். சூட்டை உணரும் மூளைப் பகுதியில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அந்த உணர்வு எவ்வளவு துன்பமாக இருக்கிறது என்பதோடு தொடர்புள்ள பகுதியில் செயல்பாடு மாறியது. வலி வேறு, வலியால் வரும் துன்பம் வேறு என்பதை மூளையே காட்டிக்கொடுத்தது.

அதே சமயம் அளவோடு நம்ப வேண்டும். 1959இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான அளவுகோல், ஹிப்னாடிசத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி இசைவதில்லை என்று காட்டியது. சிலர் எளிதில் ஆழ்ந்துபோவார்கள், பலர் நடுத்தரம், சிலருக்கு வரவே வராது. குழந்தைகளின் பல் சிகிச்சையில் ஹிப்னாடிசம் பற்றி 2010இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தகுதியான சோதனைகள் மூன்றுதான் கிடைத்தன, உறுதியாகச் சொல்ல இவை போதாது என்றது. கடுமையான பல் பயத்துக்கு, பயப்படும் பொருளைப் படிப்படியாகச் சந்திக்கவைக்கும் நடத்தை சிகிச்சைக்குத்தான் ஆதாரம் அதிகம். சுய ஹிப்னாடிசம் அதற்கு ஒரு துணை.

எப்படிச் செய்கிறார்கள்?

மந்திரம் ஒன்றும் இல்லை. சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே வீட்டில் பழகுகிறார்கள். அமைதியான இடத்தில் உட்கார்ந்து, பிரெய்டு சொன்னது போல ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்து, கண் களைத்ததும் மூடிக்கொள்கிறார்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுகிறார்கள். ஜேக்கப்சன் வழியில் காலிலிருந்து தாடை வரை தசைகளைத் தளர்த்துகிறார்கள். பத்திலிருந்து ஒன்று வரை பின்னோக்கி எண்ணுகிறார்கள். பிறகு மனதுக்குப் பிடித்த ஓர் இடத்தை, அது கடற்கரையோ பாட்டி வீட்டுத் திண்ணையோ, அங்குள்ள சத்தம், வாசனை, காற்று எல்லாவற்றோடும் கற்பனை செய்கிறார்கள்.

அந்த நிலையில் பல் டாக்டரிடம் போவதை முதலிலிருந்து கடைசி வரை மனதில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கதவைத் திறப்பது, நாற்காலியில் சாய்வது, டிரில் சத்தம், வேலை முடிந்து எழுந்து வெளியே வருவது எல்லாம். 'பயம் வராது' என்று சொல்வதில்லை. 'என் கை கால் தளர்வாக இருக்கிறது, என் மூச்சு சீராக இருக்கிறது' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்ப்பது போல ஒரு சின்ன அடையாளத்தையும் அந்த அமைதியோடு பழக்கிக்கொள்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் விரல்களைச் சேர்த்தால் பழகிய அமைதி திரும்ப வர உதவும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, 'நான் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்' என்று ஒப்பந்தம் செய்துகொள்வது இன்னும் நல்லது.

முக்கியமான எச்சரிக்கை. இது மரத்துப்போகும் ஊசிக்கு மாற்று அல்ல. பல்வலியை ஹிப்னாடிசத்தால் மறைத்துவிட்டு வீட்டில் இருப்பது முட்டாள்தனம், சொத்தை அதன்பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மருத்துவர் ஆலோசனை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

முடிவாக...

மெஸ்மர் சக்தி தன்னிடம் இருக்கிறது என்றார். ஃபாரியா அது உங்களிடம் இருக்கிறது என்றார். பிரெய்டு அதைத் தன்மேலேயே செய்து காட்டினார். கூவே அதை ஒரு முடிச்சுக் கயிற்றில் கட்டிப் பாமரனின் கையில் கொடுத்தார். இரண்டு நூற்றாண்டில் அந்தச் சக்தி மேடையிலிருந்து இறங்கி நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது.

பல் நாற்காலியில் மனிதனுக்கு வரும் பயத்தில் பெரும்பகுதி இதுதான்: வாயைத் திறந்துகொண்டு, பேச முடியாமல், இன்னொருவர் கையில் தன்னை ஒப்படைத்துக் கிடக்கிறோம் என்பது. சுய ஹிப்னாடிசம் அந்த இடத்தில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது. பல் டாக்டரின் கையில் இருக்கட்டும். மூச்சு, கவனம், மனதில் ஓடும் படம் ஆகிய மூன்றும் நோயாளியின் கையிலேயே இருக்கும்.

எலிசபெத் மகாராணிக்குத் தைரியம் சொல்ல ஒரு பிஷப் தன் பல்லையே கொடுக்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு பிஷப் கிடைக்க மாட்டார். தினமும் பத்து நிமிடம் பழகினால், அந்த பிஷப்பின் வேலையில் பாதியை அவரவர் மனமே செய்துவிடும். மீதிப் பாதிக்குப் பல் டாக்டர் இருக்கிறார். அவரிடம் அடுத்த வாரம் அல்ல, நாளைக்கே போய்விட வேண்டும்.